நோகடித்த பள்ளியை விட்டு வந்த பிறகு: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவே ஒரு சிற்றூர் எனக்கு. ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது ஆண்டு கணக்குப் பாடம் எடுத்தேன். முதல் ஆறு ஆண்டு நன்றாகத்தான் போனது. நிர்வாகம் கைமாறிய பிறகு வந்த மூன்று ஆண்டு என்னை அரித்துவிட்டது. விடுமுறைக்கு ஊர் ஊராகப் போய் அட்மிஷன் பிடிக்க வேண்டும். கட்டணம் கட்டாத பெற்றோருக்கு நாங்கள்தான் போன் போட வேண்டும். இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் திட்டு வரும். ஒரு நாள் வகுப்பு வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார்கள். அந்த ஏப்ரலோடு வெளியே வந்துவிட்டேன்.

இப்போது வேறொரு பள்ளியில் இருக்கிறேன். மன்னார்குடி, திருவிடைமருதூர், மாயவரம், வேதாரண்யம் என்று பல ஊர்களிலிருந்து ஆசிரியைகள் என்னிடம் பேசுகிறார்கள். ஊர் வேறு, பள்ளி வேறு, ஆனால் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

வேலையை விட்டு இரண்டு மாதம் ஆகிறது அக்கா. இன்னும் காலையில் பள்ளி வேன் ஹாரன் கேட்டால் நெஞ்சு படபடக்கிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. எனக்கு நான்கு மாதம் இருந்தது. மஞ்சள் வேன் தெருவுக்குள் திரும்பினால் அடுப்படியில் நின்றபடியே கை ஈரமாகிவிடும். பல ஆண்டு ஏழரை மணிக்குள் ஓடிப்போய்க் கையெழுத்துப் போடப் பழகிய உடம்பு, நீங்கள் வேலையை விட்ட செய்தியைத் தாமதமாகத்தான் புரிந்துகொள்ளும்.

முதல் மூன்று வாரம் தூங்குங்கள். விண்ணப்பம் எதுவும் எழுத வேண்டாம். பழைய பள்ளியின் வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து வெளியேறுங்கள். "யாராவது தப்பாக நினைப்பார்களோ" என்று நான் இரண்டு மாதம் அதிலேயே இருந்தேன். நான் வேலையிலேயே இல்லாத பள்ளியின் அறிவிப்புகளைப் படித்துப் படித்துப் பயந்துகொண்டிருந்தேன். அதை இன்றும் நினைத்து வருந்துகிறேன்.

தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று சில வாரம் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்பது டெலி மானஸ், கட்டணம் இல்லாத மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் பேசலாம். நேரில் பார்க்க வேண்டுமானால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் அன்றே பேசிவிடுங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லுங்கள்.

"உனக்குப் பாடம் எடுக்கவே தெரியவில்லை" என்று பிள்ளைகள் முன்னாலேயே தாளாளர் சொன்னார். அப்போது கோபம் வந்தது. இப்போது எனக்கே அது உண்மையோ என்று தோன்றுகிறது. இந்த நினைப்பை எப்படிப் போக்குவது?

நான் அதிகம் பேச விரும்புவது இந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

அந்தத் தாளாளர் எத்தனை நாள் உங்கள் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கேட்டிருக்கிறார்? என்னைத் திட்டியவர் மூன்று ஆண்டில் ஒரு முழு வகுப்புக்கூடக் கேட்டதில்லை. கேமராவில் பார்த்தார், சத்தம் இல்லாமல் பார்த்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்தேனா என்று மட்டும் அதில் தெரியும். பின்வரிசைப் பையனுக்கு வகுத்தல் புரிந்ததா என்பது அதில் எப்படித் தெரியும்? இந்த நியாயமெல்லாம் எனக்கு அன்றே தெரிந்திருந்தது. தெரிந்தும் நினைப்பு போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து யோசிக்க யோசிக்க அது கூடிக்கொண்டேதான் போனது.

எனக்கு அது விட்டது எப்படி என்று சொல்கிறேன். எதிர் வீட்டுப் பையன் ஐந்தாம் வகுப்பு. பின்னம் வரவில்லை என்று அவன் அம்மா கூட்டி வந்தார். எனக்குப் புத்தகத்தைத் திறக்கவே பயம். எழுந்துபோய் மாமியாரின் பழைய அளவுப் படிகளை எடுத்து வந்து திண்ணையில் வைத்தேன். ஆழாக்கு, உழக்கு, உரி, படி. அரிசியை அளந்து ஊற்றச் சொன்னேன். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. "அப்ப ஆழாக்குன்னா எட்டில் ஒண்ணா மிஸ்?" என்று அவனே கேட்டான். உழக்கு கால், உரி அரை என்று அடுத்தடுத்து அவனே சொல்லிவிட்டான். கால் படியோடு அரைக்கால் படி சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டேன். உழக்கையும் ஆழாக்கையும் பக்கத்தில் வைத்து எண்ணி, "எட்டில் மூணு" என்றான்.

அன்று இரவு ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். மூன்று ஆண்டாக யாரோ என்னிடம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த ஒன்று திண்ணையில் எனக்கு முன்னாலேயே நடந்தது.

நம்பிக்கை வரட்டும், அப்புறம் வேலை செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். ஒரே ஒரு பிள்ளைக்கு, ஒரே ஒரு பாடத்தை, யாரும் பார்க்காத இடத்தில் சொல்லிக்கொடுங்கள். காசு வாங்காவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்துத் தெரு, கோயில் மண்டபம், அண்ணன் வீடு, எதுவானாலும் சரி. அதோடு ஒரு நோட்டு போட்டு, இதுவரை நீங்கள் நன்றாக நடத்திய பாடங்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். "நான் நல்ல ஆசிரியை" என்று எழுதினால் மனது ஏற்காது. "எட்டாம் வகுப்பு, ஒளிச்சேர்க்கை, வாழை இலையை வைத்து நடத்தினேன்" என்று எழுதினால் ஏற்கும், ஏனென்றால் அது நடந்த விஷயம். பின்னால் நேர்காணலுக்கும் இந்த நோட்டுதான் உதவும்.

நான் இன்னும் வேலையில்தான் இருக்கிறேன். விட்டுவிட்டுத் தேடுவதா, தேடிவிட்டு விடுவதா?

நம் பக்கத்தில் நெல் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே நிற்கிற பயிருக்குள் உளுந்தைத் தெளிப்பார்கள். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்திலேயே அது முளைத்துவிடும். அறுத்து முடித்து, வயல் காய்ந்து வெடித்த பிறகு தெளித்தால் வராது. முடிந்தவர்கள் அப்படிச் செய்யுங்கள். உங்களிடம் ஈரம் இருக்கும்போதே, சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே தேடுங்கள்.

காலமும் முக்கியம். தனியார் பள்ளிகள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் ஆள் எடுக்கின்றன. "ஆசிரியர்கள் தேவை" என்ற விளம்பரங்கள் நாளிதழ்களில் அப்போதுதான் குவியும். அக்டோபரில் விட்டால் ஆறு மாதம் காத்திருக்க நேரலாம், அதற்குக் கையில் பணம் வேண்டும். உங்கள் பணி நியமன ஆணையில் எத்தனை மாத முன்னறிவிப்பு என்று போட்டிருக்கிறது என்பதையும் இன்றே எடுத்துப் பாருங்கள்.

ஆனால் உடம்பு கெட்டுவிட்டது என்றாலோ, யாராவது தவறாக நடக்கிறார்கள் என்றாலோ ஏப்ரலை எதிர்பார்க்க வேண்டாம். பாலியல் தொல்லை என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பள்ளியில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். இல்லாவிட்டாலோ, புகாரே முதலாளி மீது என்றாலோ மாவட்ட அளவிலான புகார்க் குழுவுக்குப் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். 181 மகளிர் உதவி எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள்.

அசல் சான்றிதழ்களைப் பள்ளியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். "மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டினால்தான் தருவோம்" என்கிறார்கள். என்ன செய்வது?

உங்கள் பட்டச் சான்றிதழ் உங்கள் சொத்து. பள்ளிக்கு உங்களிடமிருந்து பணம் வர வேண்டியிருந்தாலும் அதற்கு அடமானமாகச் சான்றிதழைப் பிடித்து வைக்க உரிமை கிடையாது.

முதலில் வாயால் கேட்பதை நிறுத்திவிட்டு எழுத்தில் கேளுங்கள். எந்தத் தேதியில் என்னென்ன சான்றிதழ்களைக் கொடுத்தீர்கள், எந்தத் தேதிக்குள் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி, ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த நகலோடு தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள். திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் காவல் நிலையப் புகார், வழக்கறிஞர் நோட்டீஸ். பெரும்பாலும் அதுவரை போகாது. எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியைக்கு, ஆட்சியர் அலுவலக மனுவின் ரசீதைப் பள்ளி அலுவலகத்தில் காட்டிய மறுநாளே கவர் கைக்கு வந்தது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். "தொலைந்துவிட்டது" என்று பொய்யாகப் புகார் கொடுத்து நகல் சான்றிதழ் வாங்கச் சிலர் யோசனை சொல்வார்கள். அது பின்னால் உங்களையே மாட்டிவிடும்.

வாங்கும்போது பணி அனுபவச் சான்றிதழையும் சேர்த்துக் கேளுங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, எடுத்த வகுப்பு, பாடம் எல்லாம் அதில் இருக்கட்டும். அரசுத் தேர்வு எதற்காவது அனுபவத்தைக் காட்ட வேண்டி வந்தால் கல்வி அலுவலரின் மேலொப்பமும் கேட்பார்கள்.

கடைசி மாதச் சம்பளம், பி.எஃப்., பணிக்கொடை இதெல்லாம் தனியார் பள்ளி ஆசிரியருக்குக் கிடைக்குமா?

கிடைக்க வேண்டும். பணிக்கொடை, அதாவது பல ஆண்டு வேலை பார்த்துவிட்டு விலகும்போது தர வேண்டிய கிராஜுவிட்டி, அதைப் பற்றித்தான் நிறையப் பேருக்குத் தெரியவே இல்லை. அது ஆசிரியர்களுக்கும் உண்டு என்று 2009இல் சட்டத்தைத் திருத்தினார்கள், அதுவும் 1997 ஏப்ரல் 3ஆம் தேதி முதல் செல்லுபடியாகும்படி. பள்ளி நிர்வாகங்கள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது.

ஒரே பள்ளியில் தொடர்ந்து ஐந்து ஆண்டு முடித்திருந்தால் உங்களுக்கு உரிமை உண்டு. கணக்கு இப்படி: கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி 26ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம். அதை 15ஆல் பெருக்கி, பிறகு ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய் என்றால் ஒரு நாளுக்கு 500, பதினைந்து நாளுக்கு 7,500, ஆறு ஆண்டுக்கு 45,000. நான்கைந்து மாதம் வீட்டை ஓட்டலாம். எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

பி.எஃப். இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குக் கட்டாயம். சம்பளத்தில் பிடித்ததைக் கட்டினார்களா என்று உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணை வைத்து அரசின் உமங் செயலியிலேயே பார்த்துவிடலாம். அவசரப்பட்டு எல்லாவற்றையும் எடுத்துவிடாதீர்கள். பத்து ஆண்டுப் பணி சேர்ந்தால் ஓய்வூதியத் தகுதி வரும், அடுத்த பள்ளியில் பி.எஃப். இருந்தால் இந்தக் கணக்கை அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

வீட்டில் புரிந்துகொள்ள மாட்டேன் என்கிறார்கள். "ஏசி போட்ட பள்ளிக்கூடத்து வேலையை யாராவது விடுவாங்களா" என்று மாமியார் கேட்கிறார். கணவரும் பேசாமல் இருக்கிறார்.

வீட்டில் நடந்ததை நீங்கள் முழுதாகச் சொன்னீர்களா? நான் சொல்லவில்லை. அசிங்கமாக இருந்தது. "வேலை அதிகம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். வேலை அதிகம் என்று சொன்னால் கேட்பவர்களுக்கு அது வேலையை விடுகிற அளவுக்குக் காரணமாகப் படாது. ஒரு நாள் இரவு போனை எடுத்து அந்த வாட்ஸ்அப் செய்திகளைக் கணவரிடம் காட்டினேன். படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை அவரேதான் அம்மாவிடம் பேசினார்.

வரவு நின்றதால் வரும் பயத்தையும் மதிக்க வேண்டும். குறுவைக்குக் கடன் வாங்கிய வீட்டில் மாதம் பன்னிரண்டாயிரம் நின்றுபோனால் அது சின்ன விஷயம் இல்லை. "ஆறு மாதம், அதற்குள் இன்னின்னது செய்யப் போகிறேன்" என்று ஒரு கணக்கோடு உட்கார்ந்து பேசுங்கள்.

நேர்காணலில் "ஏன் அந்தப் பள்ளியை விட்டீர்கள்?" என்று கேட்டால் என்ன சொல்ல?

பொய் சொல்ல வேண்டாம், முழுக்கதையும் வேண்டாம். "பாடம் நடத்துவதைவிட அட்மிஷன், கட்டண வசூல் வேலைகள் அதிகமாகிவிட்டன. எனக்கு வகுப்பறையில்தான் விருப்பம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். இது உண்மையும்கூட. பழைய ஆட்களைப் பேர் சொல்லித் திட்ட ஆரம்பித்தால் குரல் உடைந்துவிடும், கேட்பவர்களுக்கும் சங்கடம். இதை வீட்டில் பத்து முறை சத்தமாகச் சொல்லிப் பழகுங்கள். குரல் நடுங்காமல் வரும்வரை பழகுங்கள்.

டெமோ கிளாஸுக்கு உங்களுக்கு நன்றாக வரும் பாடத்தைக் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் தருவார்கள். அந்த நோட்டிலிருந்து எடுங்கள். நான் அளவுப் படிகளைப் பையில் போட்டுக் கொண்டுபோனேன்.

சின்ன ஊர். பழைய பள்ளியில் என்னைப் பற்றித் தப்பாகச் சொல்லிவிட்டால்?

சொல்லலாம். ஆனால் அந்தப் பள்ளி எப்படிப்பட்டது என்றும் ஊருக்குத் தெரியும். ஆண்டுக்குப் பத்து ஆசிரியர் மாறும் பள்ளியின் பேச்சுக்கு மற்றப் பள்ளிகளில் அவ்வளவு மரியாதை இருக்காது. உங்களோடு வேலை பார்த்த ஒரு மூத்த ஆசிரியர், உங்களிடம் படித்த பிள்ளையின் பெற்றோர், இப்படி இரண்டு பேரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எனக்கு இப்போதைய வேலை ஒரு பழைய மாணவியின் அப்பா மூலம் வந்தது. கும்பகோணம் பேருந்து நிலையத்தில் பார்த்துவிட்டு, "மிஸ், நீங்க போனப்புறம் எம் பொண்ணுக்குக் கணக்கே பிடிக்கலை" என்றார்.

டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதலாமா? அரசுப் பள்ளிக்கு இனி வாய்ப்பு இருக்கிறதா?

எழுதுங்கள். முதல் தாள் ஒன்று முதல் ஐந்து வரை, இரண்டாம் தாள் ஆறு முதல் எட்டு வரை எடுப்பவர்களுக்கு. 2012, 2013இல் தேர்ச்சி பெற்று, "ஏழு ஆண்டு முடிந்துவிட்டது" என்று சான்றிதழைப் பெட்டிக்குள் வைத்துவிட்டவர்கள் இருக்கிறீர்கள். 2021இல் அதை வாழ்நாள் முழுக்கச் செல்லும் என்று மாற்றிவிட்டார்கள், பழைய சான்றிதழுக்கும் சேர்த்து. எடுத்துத் தூசு தட்டுங்கள்.

ஆனால் டெட் தேர்ச்சி மட்டும் வேலையாகாது. இப்போது தனியாக நியமனத் தேர்வும் இருக்கிறது, அது எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். அதையே நம்பி வீட்டில் உட்காராதீர்கள். அரசுப் பள்ளிக் காலியிடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியர் எடுக்கும் அறிவிப்பு வரும்போது பாருங்கள். 2022இல் அது வந்தபோது தொடக்கத்தில் இடைநிலைக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். நிரந்தரம் இல்லை. இருந்தாலும் அடிபட்டு வந்தவர்களுக்கு நல்ல இடைத்தங்கல்.

எனக்கு இனி பள்ளிக்கூடமே வேண்டாம். பி.எட். படித்தவளுக்கு வேறு என்ன வேலை?

அப்படி முடிவெடுப்பதில் தவறில்லை. ஆனால் முதல் மூன்று மாதத்தில் எடுக்காதீர்கள், அப்போது பேசுவது களைப்பு.

தமிழ் ஆசிரியைகளுக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 நல்ல வழி. 200 கேள்வியில் 100 தமிழ். அதில் 40 விழுக்காடு வராவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பலர் தடுக்கும் அந்த இடம் உங்களுக்குப் பழகிய தரை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் உள்ள தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சி கிடைக்கும். அதே அலுவலகங்களில் தனியார் வேலைவாய்ப்பு முகாம்களும் நடக்கின்றன. சொந்தமாகத் தொழில் என்றால் மாவட்டத் தொழில் மையத்தில் கடன், மானியம் பற்றிக் கேளுங்கள். ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பயிற்சி இலவசம். தஞ்சாவூரில் புதுக்கோட்டை சாலையில் உள்ள மத்திய அரசின் உணவுப் பதப்படுத்தும் நிறுவனத்திலும் பயிற்சிகள் தருகிறார்கள். என்னோடு வேலை பார்த்த அறிவியல் ஆசிரியை ஒருவர் இப்போது சத்துமாவு அரைத்து விற்கிறார், பள்ளிக்கூடம் பக்கமே திரும்பவில்லை, நன்றாக இருக்கிறார்.

டியூஷனுக்குக் காசு கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

முதல் நாளே சொல்லிவிடுங்கள். மாதம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள். சொல்லாமல் விட்டால் ஆறாவது மாதம் உறவே கெடும். முடியாத வீட்டுப் பிள்ளைக்கு இலவசமாக எடுங்கள், அதையும் நீங்களே தீர்மானித்து எடுங்கள்.

புதுப் பள்ளியும் அப்படியே இருந்துவிட்டால்? முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?

நேர்காணலுக்குப் போகும்போது அரை மணி நேரம் முன்னாலேயே போய் உட்காருங்கள். அலுவலகத்தில் ஆயாம்மாவை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். ஆசிரியர்கள் நடைபாதையில் ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்களா, தலையைக் குனிந்து ஓடுகிறார்களா என்று பாருங்கள். உங்களுக்கு முன்னால் அந்தப் பாடம் எடுத்தவர் எத்தனை ஆண்டு இருந்தார், ஏன் போனார் என்று கேளுங்கள். நீங்களும் கேள்வி கேட்கலாம், நேர்காணல் இரண்டு பக்கமும்தான். ஏப்ரல், மே சம்பளம் உண்டா, அசல் சான்றிதழைச் சரிபார்த்ததும் திருப்பித் தருவீர்களா, இந்த இரண்டையும் சேரும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வகுப்பறைக்குள்ளும் ஒரு பார்வை பாருங்கள். கடையில் நிற்கும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தினார்கள். எங்கள் பழைய பள்ளியில் அதே சமயத்தில்தான் ஆசிரியர் உட்காரக் கூடாது என்று வகுப்புகளிலிருந்து நாற்காலிகளை எடுத்தார்கள். இப்போது வேலை பார்க்கும் பள்ளிக்கு டெமோ எடுக்கப் போனபோது மேசைக்குப் பின்னால் ஒரு மர நாற்காலி இருந்தது. கை உடைந்து, கயிறு கட்டிய நாற்காலி. அதைப் பார்த்த பிறகுதான் பையிலிருந்து படிகளை வெளியே எடுத்தேன்.